ஹரோ தோட்டத்தில் ரோபோ புல்வெட்டியின் சக்கரத் தடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வடமேற்கு லண்டனின் ஹரோ பகுதியில் 1930களில் கட்டிய வீடுகளின் பின்தோட்டங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பு. எட்டு ஒன்பது மீட்டர் அகலம், முப்பது மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் மரவேலி, கடைசியில் ஒரு கொட்டில். நான் இங்கே எழுதும் தோட்டமும் அப்படித்தான். கல் பாவிய முற்றம், பூப்பாத்திகள், கொட்டில் எல்லாம் கழித்தால் புல்தரை 170 சதுர மீட்டர் தேறும். தோட்டத்தின் பாதியில் ஒரு பக்கம் பழைய ஆப்பிள் மரம், எதிர்ப்பக்கம் ரோஜாப் பாத்தி. இரண்டுக்கும் நடுவே புல்தரை ஒன்றரை மீட்டராக ஒடுங்கிப் பிறகு மறுபடி விரிகிறது. இந்த ஒடுக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடியில் இருப்பது லண்டன் களிமண். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கோடையில் வெடித்துப் பிளக்கும், குளிர்காலத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ஈரமாக இருக்கும்போது அதை அழுத்தினால் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றறைகள் மூடிக்கொள்ளும், தானாகத் திறக்க வெகு காலம் பிடிக்கும். சக்கரத் தடம் பற்றிய பேச்சில் மெஷினைவிட இந்த மண்ணுக்குத்தான் பெரிய பங்கு.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நெடுங்காலம் லண்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணை. அவருடைய மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுடைய வேலி ஓரச் செடிகளை வெட்டிவிடுவது என் வேலை. 2023 வசந்தத்தில் ஒரு கடையில் இருந்து ரோபோ புல்வெட்டி ஒன்றை வாங்கி, கடைக்காரர்களே வந்து பூட்டிவிட்டுப் போனார்கள். எல்லை வயர் பதிக்கும் வகை, அதாவது மெஷின் தாண்டிப் போகாமல் இருக்கப் புல்தரையைச் சுற்றி ஒரு வயர் ஓடும். எடை பத்துக் கிலோவுக்குக் கிட்ட. 600 சதுர மீட்டர் வரை வெட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. 170 மீட்டர் தரைக்கு அது அளவுக்கு மீறியது என்றாலும், பெரிதாக வாங்கினால் கஷ்டப்படாமல் ஓடும் என்று கடையில் சொன்னார்களாம்.

அந்தக் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. புல் அடர்ந்து, வெல்வெட் துணி விரித்ததுபோல இருந்தது. 2024 ஏப்ரலில்தான் அண்ணையிடமிருந்து போன் வந்தது. “தம்பி, ஒருக்கா வந்து பாரும். மெஷின் ஓடின இடமெல்லாம் கோடு கோடாய்க் கிடக்கு.”

தடம் எங்கே இருந்தது, எங்கே இல்லை

இப்படியான இடத்தில் முதலில் பார்க்கவேண்டியது தடம் இல்லாத இடத்தை. தோட்டத்தின் பின்பகுதியில், ஆப்பிள் மரத்துக்கு அப்பால், எட்டு மீட்டர் அகலத்தில் விரிந்து கிடக்கும் புல்தரை சுத்தமாக இருந்தது. அதே மெஷின், அதே மழை, அதே களிமண். அங்கே ஒரு கோடு கூட இல்லை.

தடம் விழுந்திருந்தது நான்கு இடத்தில். சார்ஜ் நிலையத்துக்கு முன்னால் இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு பள்ளம். அங்கிருந்து வழிகாட்டி வயரை (மெஷினை நிலையத்துக்குத் திரும்பக் கூட்டிவரும் வயர்) ஒட்டி, வேலிப் பக்கமாக நீளும் இணைகோடுகள். ஆப்பிள் மரத்தின் ஒடுக்கத்தில் புல்லே இல்லாத சேறு. அப்புறம், அதே ஒடுக்கத்தின் இரண்டு கரையிலும் எல்லை வயரை ஒட்டிப் பிறை பிறையாகத் தேய்ந்த அடையாளங்கள். அவை மெஷின் திரும்பும் இடம். பின்சக்கரம் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் சுற்றித்தான் இந்த வகை மெஷின் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது ரப்பர் புல்லை நின்ற இடத்திலேயே அரைக்கும்.

ஒடுக்கத்தில் ஒரு சிறு கரண்டியால் மண்ணைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். மேலே ஒரு விரல் தடிப்பில் கறுப்பு மண். அதன் கீழே நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் களி, ஒரு வேர் கூட உள்ளே இறங்கவில்லை, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் சாக்கடை வாடை. காற்று போகாத மண் இப்படித்தான் நாறும். அரை மீட்டர் தள்ளிப் புல் நன்றாக இருந்த இடத்தில் வெட்டியபோது மண் கையில் உதிர்ந்தது, வெள்ளை வேர்கள் தொங்கின, ஒரு மண்புழுவும் வந்தது. நீளமான ஸ்குரூ டிரைவரை இரண்டு இடத்திலும் குத்திப் பார்த்தேன். நல்ல இடத்தில் பிடி வரை போனது, தடத்தில் பாதியில் நின்றது. தடத்தின் ஓரங்களில் அகன்ற இலையோடு தரையோடு தரையாகப் படரும் பிளான்டேன் களை முளைத்திருந்தது. மிதிபட்ட மண்ணை அது தேடிப்பிடித்து வரும்.

ஆக, இது வெறும் இலை தேய்ந்த தடம் இல்லை, மண் இறுகிய தடம். இந்த வித்தியாசம் முக்கியம். இலை மட்டும் தேய்ந்திருந்தால் மெஷினை இரண்டு வாரம் நிறுத்தினால் போதும், புல் தானே எழுந்துவிடும். மண் இறுகிவிட்டால் நிறுத்தியும் பிரயோசனம் இல்லை, மண்ணைத் திறந்துவிட வேண்டும்.

பத்துக் கிலோ எப்படி மண்ணை அமத்தும்?

அண்ணையின் கேள்வி நியாயமானது. “என்ர பேரன் இதைவிடப் பாரம். அவன் நாள் முழுக்க இதிலதான் ஓடி விளையாடுறான். அவன்ர காலடிக்கு ஒன்றும் ஆகேல்லையே?”

பேரன் ஒரே கோட்டில் ஓடுவதில்லை என்பதுதான் பதில்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெஷின் ஒரு சார்ஜில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டும், அப்புறம் ஒரு மணி நேரம் சார்ஜில் நிற்கும். கடைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன நேர அட்டவணை காலை 7 முதல் இரவு 9 வரை, வாரம் ஏழு நாளும். அந்தப் பதினான்கு மணி நேரத்தில் ஆறு தடவையாவது வீட்டுக்கு, அதாவது சார்ஜ் நிலையத்துக்குத் திரும்புகிறது. மாதத்துக்கு 180 தடவை. ஒவ்வொரு தடவையும் வெளியே போவதும் சேர்த்தால் நிலையத்தின் வாசலில் 360 தடவை. கையால் தள்ளும் பழைய புல்வெட்டி முப்பது கிலோ இருந்தாலும், வாரம் ஒரு தடவை வெட்டினால் ஒரு இடத்தை மாதம் நாலைந்து தடவைதான் கடக்கும்.

விரிந்த பின்பகுதியில் ஏன் தடம் இல்லை என்பதும் இதோடு விளங்கிவிடுகிறது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனி 1995இல் சூரியசக்தியில் ஓடும் ரோபோ புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து, வயர் வகை மெஷின்கள் பெரும்பாலும் எழுந்தமானமாகத்தான் திரிகின்றன. நேராகப் போகும், வயரில் முட்டும், ஏதோ ஒரு கோணத்தில் திரும்பும். பார்ப்பவர்களுக்கு மூளை இல்லாத மெஷின் என்று தோன்றும். ஆனால் எழுந்தமானமாக ஓடும் சக்கரம் ஒரே கோட்டில் இரண்டு நாள் போகாது, அதுதான் அதன் பெரிய லாபம். தடம் விழுவதெல்லாம் அந்தச் சுதந்திரம் பறிபோகும் இடத்தில்தான்: வீட்டுக்குத் திரும்பும் வழி, வாசல், ஒடுக்கம்.

சரி, அதே வழியில்தானே 2023 கோடையிலும் திரும்பியது? அப்போது ஏன் தடம் இல்லை? அங்கேதான் மழை வருகிறது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையான பதினெட்டு மாதம், 1836 முதல் உள்ள இங்கிலாந்து மழைப் பதிவுகளில் அந்த நீளத்துக்கு மிக அதிக மழை பெய்த காலம். அதோடு 2024 பிப்ரவரி, இங்கிலாந்தில் பதிவான பிப்ரவரிகளிலேயே மிகவும் வெப்பமானது. மண் ஐந்தாறு பாகை செல்சியசைத் தாண்டினால் புல் வளரத் தொடங்கிவிடும். அந்த வருடம் பிப்ரவரியிலேயே புல் எழும்பியது. அண்ணை பார்த்தார், மெஷினைக் கொட்டிலில் இருந்து எடுத்து வெளியே விட்டார். வழக்கமாக மார்ச் கடைசியில் செய்யும் வேலை. புல் வளர்ந்தது உண்மை, ஆனால் அதன் கீழே மண் ஊறிப்போய்க் கிடந்தது.

“மழை பெய்தால் நிக்கிற சென்சார் இருக்குத்தானே தம்பி” என்றார். இருக்கிறது. மெஷினின் முதுகில் இரண்டு உலோகப் பொட்டு. மழைத்துளி விழுந்தால் திரும்பிப் போய் நிற்கும். மழை விட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடி புறப்படும். மேலே விழும் தண்ணீரை அது அறியும், கீழே மண்ணில் உள்ள தண்ணீரை அது அறியாது. மணற்பாங்கான மண்ணில் மூன்று மணி நேரம் போதுமாக இருக்கலாம். லண்டன் களியில் நல்ல மழை ஒன்று வடிய மூன்று நாள் ஆனாலும் ஆகும். இந்த சென்சாரை நம்பித்தான் பல தோட்டங்கள் சேறாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

நான் போவதற்கு முன் நடந்த வைத்தியங்கள்

தடம் விழத் தொடங்கியதும் சக்கரம் வழுக்கியது. வழுக்கியதும் அண்ணை இணையத்தில் தேடி, பல் வைத்த ஆஃப்ரோட் சக்கரம் வாங்கிப் பூட்டினார். சரிவான தரைக்கு அது நல்லது. ஈரக் களியில் பல்லுக்கு இடையில் சேறு ஏறி அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது பல்லில்லாத உருளை. அடைபடாத நேரத்தில் பல் புல்லை வேரோடு கிளப்பும். இரண்டு பக்கமும் நட்டம். பழைய சக்கரத்தையே திரும்பப் பூட்டி, சக்கரத்தில் ஒட்டும் சேற்றைத் தேய்த்துத் தள்ளும் சிறு பிரஷ்ஷையும் பூட்டினோம். விலை அதிகம் இல்லை, களிமண் தோட்டத்துக்குத் தேவையானது.

இரண்டாவது, பள்ளத்தில் கட்டட மணலைக் கொட்டியிருந்தார். நைசான மணலும் களியும் சேர்ந்து காய்ந்தால் சீமெந்து பூசியது மாதிரி ஆகிவிடும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதை அவர் செய்யவில்லை, செய்யப் போனார். பக்கத்து வீட்டில் தண்ணீர் நிரப்பி உருட்டும் ரோலர் இருந்தது, அதை இரவல் வாங்கித் தரையைச் சமப்படுத்தலாம் என்பது யோசனை. இறுகிய மண்ணை மேலும் இறுக்குவது அது. பள்ளத்தைச் சுற்றியுள்ள நல்ல மண்ணையும் அமத்திப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரும், பார்வைக்குச் சமமாக இருக்கும், ஒரு வருடத்தில் தரை முழுக்கப் பாசி பிடிக்கும். இதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். கடைசியில் அந்த நாறும் மண்கட்டியைக் காட்டியபிறகு விட்டுவிட்டார்.

தடம் மீண்டும் வராமல் செய்தவை

முதல் வேலை, மெஷினுக்கு உத்தரவு கொடுக்கும் போன் ஆப்பில். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அட்டவணையைத் திருத்தவேண்டும், ஏனென்றால் அதற்குக் காசு செலவில்லை, பலன் மிகப் பெரிது. இந்த மெஷின் சார்ஜ் நேரத்தையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 40 சதுர மீட்டர் வெட்டும். 170 மீட்டருக்கு நாலேகால் மணி நேரம். பதினான்கு மணி நேரம் ஓடியது முக்கால்வாசி வீண் ஓட்டம், வெட்டிய புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தது. பகல் 11 முதல் 4 வரை, வாரத்தில் ஐந்து நாள் என்று மாற்றினோம். திரும்பும் தடவை ஆறில் இருந்து இரண்டாகக் குறைந்தது. காலைப் பனி ஈரம் காய்ந்தபிறகுதான் புறப்படுகிறது. மாலையும் இரவும் நிற்பதால் முள்ளெலிகளுக்கும் ஆபத்தில்லை. முள்ளெலி இரவில் திரியும் பிராணி, மெஷின் வந்தால் ஓடாது, சுருண்டு படுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் சில நகரங்கள் இரவில் ரோபோ ஓட்டுவதைத் தடை செய்திருப்பதும் அதனால்தான்.

மே, ஜூனில் புல் வேகமாக வளரும்போது இந்த ஐந்து நாள் தேவை. ஜூலை கடைசிக்குப் பிறகு மூன்று நாள் போதும். நவம்பரில் இருந்து மார்ச் கடைசி வரை மெஷின் கொட்டிலில். பிப்ரவரியில் புல் எழும்பினால்? எழும்பட்டும். ஏப்ரலில் ஒரு தடவை கைமெஷினால் உயர்த்தி வெட்டினால் தீர்ந்தது.

மழைக்குச் சென்சாரை நம்பாமல் குதிகாலை நம்பச் சொன்னேன். நல்ல மழைக்குப் பிறகு ஒடுக்கத்தில் போய்க் குதிகாலால் அழுத்திப் பார்ப்பது. தண்ணீர் கசிந்தாலோ, காலை எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றாலோ அன்றைக்கு ஆப்பில் மெஷினுக்கு லீவு. அண்ணைக்கு இது பிடித்துப்போய்விட்டது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் மிதித்துப் பார்ப்பதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, வழிகாட்டி வயர். பல மெஷின்களில் வீட்டுக்குத் திரும்பும்போது வயரின் மேலேயே போகாமல், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு தூரம் தள்ளிப் போகும் வசதி இருக்கிறது. ஒரு தடவை வயரை ஒட்டி, அடுத்த தடவை அரை மீட்டர் தள்ளி, இன்னொரு தடவை ஒரு மீட்டர் தள்ளி. தடம் விழாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. இந்த மெஷினிலும் அது இருந்தது, ஆப்பில் நடுத்தரம் என்று வைத்தும் இருந்தது. ஆனால் பலிக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க நிலையத்தைப் பார்த்து நின்றாலே போதும். இந்த வகை, நிலையத்தைப் பார்த்து நிற்பவருக்கு வயரின் இடப்பக்கமாகத்தான் வரும். கடைக்காரர்கள் வயரை இடது வேலியில் இருந்து நாற்பது சென்டிமீட்டரில் பதித்திருந்தார்கள். மெஷினுக்குத் தள்ளிப் போக இடமே இல்லை. என்ன அகலம் வைத்தாலும் அதே ஒரு கோட்டில்தான் வர முடியும்.

வயரைக் கிளப்பி, இடப்பக்கம் ஒன்றரை மீட்டர் வெறுமையாக இருக்கும்படி வலப்பக்கமாக நகர்த்திப் பதித்தோம். வழிப்பாதையை அதிகபட்ச அகலத்துக்கு வைத்தோம். வயர் வகை மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். வயரை மாற்ற ஒரு மத்தியானம் போதும்.

நிலையத்தின் வாசலை மட்டும் அகலப்படுத்த முடியாது. கடைசி ஓரிரு மீட்டரில் மெஷின் நேராகத்தான் வந்து சொருகவேண்டும். அங்கே புல் வளர்க்கும் ஆசையைப் பாதி விட்டுவிடுவதுதான் புத்தி. தேன்கூடு போலக் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் புல்வலை விற்கிறார்கள், கார் நிறுத்தும் இடங்களில் போடுவது. நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, அடியைக் கிளறி, வலையைப் பதித்து, கட்டங்களில் மணல் கலந்த மண்ணை நிரப்பி விதை போட்டோம். சக்கரத்தின் பாரத்தை வலையின் சுவர்கள் தாங்கும், புல்லின் அடி கட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும். வலை தரை மட்டத்துக்கு மேலே துருத்தக்கூடாது, துருத்தினால் கத்தி தட்டும். மெஷின் நிலையத்தில் இருந்து பின்னோக்கி வந்து திரும்பும் தூரத்தையும் ஆப்பில் கூட்டினோம், வலை முடியும் இடத்துக்கு அப்பால்தான் இப்போது திரும்புகிறது. வெளியேறும் கோணத்தையும் ஒன்றுக்கு இரண்டாக விரித்தோம்.

ஒடுக்கம்தான் மிகவும் பாடுபடுத்தியது. ஒன்றரை மீட்டர் இடத்தில் எழுந்தமானமாக ஓடும் மெஷின் இரண்டு வயருக்கும் நடுவில் பந்துமாதிரி முட்டி முட்டித் திரும்பும், ஒவ்வொரு திருப்பமும் ஒரு தேய்ப்பு. இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ரோஜாப் பாத்தியை அரை மீட்டர் பின்னுக்கு எடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “மெஷினுக்காக நான் ரோஜாவைக் கிண்டுறதோ?” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் அக்காவிடமே இன்னொரு விடை இருந்தது. லண்டன் தமிழர் வீடுகளில் கறிவேப்பிலை சாடியில்தான் உயிர்வாழும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள், ஜூன் வாக்கில் வெயில் பிடிக்க வெளியே. அக்காவின் சாடிகள் நான்கும் வெயில் நன்றாக விழும் இடமென்று அந்த ஒடுக்கத்தின் ஓரத்தில், புல்லின் மேலேயே நிற்கும். கோடையில் ஒன்றரை மீட்டர் இன்னும் ஒடுங்கி ஒரு மீட்டருக்குக் கிட்ட வந்துவிடுகிறது. சாடிகள் முற்றத்தின் கல்லுக்கு இடம் மாறின. அங்கே கல்லின் சூட்டில் கறிவேப்பிலைக்கு இன்னும் நல்லது என்று அக்காவே பின்னால் சொன்னார். ஒடுக்கத்தின் நடுவிலும் ஒரு துண்டுப் புல்வலை பதித்தோம்.

அங்கேயே கவனித்த இன்னொன்று. ஒடுக்கம் எப்போதும் மற்ற இடத்தைவிட ஈரமாக இருந்ததற்கு ஆப்பிள் மர நிழல் மட்டும் காரணம் இல்லை. கொட்டிலின் கூரைப் பீலித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் புல்லின் மேல் விழுந்து, சரிவில் இறங்கி, நேராக இங்கே வந்து தேங்கியது. குழாயின் கீழே ஒரு தண்ணீர்ப் பீப்பாயை வைத்தோம், நிரம்பி வழிவது பூப்பாத்திக்குப் போகும்படி. மெஷினைக் குறைசொல்வதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது. எத்தனையோ தோட்டங்களில் குற்றவாளி ஒரு பீலிதான்.

வெட்டும் உயரத்தை 30 மில்லிமீட்டரில் இருந்து 50க்கு ஏற்றினோம். உயரமான புல் சக்கரத்துக்கு மெத்தை, வேரும் ஆழமாக இறங்கும். கட்டையாக வெட்டிய தரை கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கவேண்டும் என்று அண்ணைக்கு ஆசை. மைதானத்தில் அதைப் பராமரிக்க ஆள் சம்பளத்துக்கு நிற்கிறார் என்றேன்.

மண்ணைத் திறந்தது

ஏப்ரலில் செய்தது தற்காலிகம்தான். தடத்தின் பக்கத்தில், மண் கிளறும் தோட்ட முள்ளை (ஃபோர்க்) பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்து, இறங்கிய மண்ணை மேலே தூக்கினோம். பள்ளத்தை மேலிருந்து நிரப்புவதைவிட அடியிலிருந்து தூக்குவது மேல். ஈரம் சொட்டும் நாளில் இதைச் செய்யக்கூடாது, முள் போகும் துளையின் சுவரே பூசி மெழுகியதுபோல் ஆகிவிடும். ஈரம் தணிந்து, மண் கையில் பிடித்தால் உதிரும் நாளாகப் பார்த்துச் செய்தோம்.

பெரிய வேலை செப்டம்பரில். உள்ளே துளையுள்ள குழாய்ப்பல் கருவியால் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, மண்குச்சிகளை வெளியே எடுத்தோம். அந்தக் களிக் குச்சிகளை அப்படியே தரையில் விடக்கூடாது, கூட்டி அள்ளவேண்டும். துளைகளில் கூர்மணல் கூடுதலாகவும், தோட்டமண் அதில் பாதியாகவும், கொஞ்சம் மக்கிய இலையும் கலந்து துடைப்பத்தால் தள்ளி நிரப்பினோம். மேலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல், புல்லின் நுனி வெளியே தெரியும்படி. எல்லை வயரும் வழிகாட்டி வயரும் தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன, குழாய்ப்பல் பட்டால் அறுந்துவிடும். அதனால் முதலில் வயரின் பாதை முழுக்கச் சிறு கொடிகள் குத்திவைத்து, அவற்றில் இருந்து ஒரு சாண் தள்ளியே குத்தினோம்.

அப்புறம் குட்டை வகை ரைகிராஸ் விதை. செப்டம்பர் மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த புல் வேர்பிடித்து, கையால் இழுத்தால் வராத நிலைக்கு வரும் வரை மெஷினுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. அந்த வருடத்தின் மிச்சத்தை அண்ணை கைமெஷினால்தான் சமாளித்தார்.

வயரில்லாத மெஷின் வாங்கினால் தீருமா

குளிர்காலத்தில் அவர்களுடைய மகன் வந்தபோது, இதையெல்லாம் விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் பார்த்து ஓடும் புது வகை வாங்கினால் தடமே வராதாமே என்று கேட்டார். நான் பார்த்தவரை நிலைமை அவ்வளவு எளிதில்லை. அந்த வகை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில், வரிசை வரிசையாக வெட்டும். இன்றைக்குப் போன கோட்டிலேயே நாளைக்கும் போகும் அளவுக்குத் துல்லியம். வெட்டும் கோணத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றும்படி ஆப்பில் வைக்காவிட்டால், முன்பு வாசலில் மட்டும் விழுந்த தடம் தரை முழுக்க விழும். ஓரத்தை வெட்டுவதற்கு முதலிலோ கடைசியிலோ ஒரு சுற்று வரும், அது எப்போதும் ஒரே கோடு. வேறொரு தோட்டத்தில் அந்த ஓரச்சுற்றே வேலியைச் சுற்றி இரட்டைக் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். ஓரச்சுற்றை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள், சரியாயிற்று. ஹரோ மாதிரி இடங்களில் வீட்டுச் சுவரும் மரமும் வானத்தை மறைப்பதும் ஒரு பிரச்சினை. இருக்கும் மெஷின் நன்றாக வெட்டுகிறது, அதையே வைத்திருங்கள் என்றேன்.

2025: வேறு ஒரு தடம்

அடுத்த வருடம் வானிலை தலைகீழாயிற்று. 2025 வசந்தம் பிரிட்டனில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது, அதிக வெயில் அடித்ததும் அதுவே. கோடையும் சாதனை வெப்பம். மே மாதம் போய்ப் பார்த்தபோது பழைய தடங்களில் ஒன்றும் இல்லை. அண்ணைக்குப் பெரிய சந்தோஷம். எனக்கு அவ்வளவு இல்லை, மழையே பெய்யாத வசந்தத்தில் எந்தத் தோட்டத்திலும் சேறு வராது, அதில் எங்கள் வேலைக்கு எவ்வளவு பங்கு என்று எப்படிச் சொல்வது?

ஜூலையில் மறுபடி போன். இந்தத் தடவை கோடுகள் பழுப்பு நிறம், அதுவும் தடமே விழாத பின்பகுதியில். குனிந்து தொட்டுப் பார்த்தால் பள்ளம் இல்லை, மண் கல்லுமாதிரி. தண்ணீர் இல்லாமல் வாடிய புல்லின் இலையில் விறைப்பு இருக்காது. சக்கரம் ஏறினால் நசுங்கும், நிமிராது, ஓரிரு நாளில் அந்தப் பட்டை மட்டும் காய்ந்துபோகும். தரையில் நடந்து திரும்பிப் பார்க்கும்போது காலடி அப்படியே தெரிந்தால் புல் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான், மெஷினை நிறுத்துவது. வளராத புல்லை என்னத்துக்கு வெட்ட? கடும் உறைபனி காலையிலும் இதே கதை, உறைந்த இலை சக்கரத்தில் நொறுங்கும். மழை வந்தபிறகு அந்தப் பழுப்புக் கோடுகள் தாமாகவே மறைந்தன, மண்ணுக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை.

உண்மையான பரீட்சை இலையுதிர்கால ஈரம்தான். அக்டோபர் கடைசியில், மெஷினை உள்ளே எடுப்பதற்கு முன், தரையை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தோம். நிலையத்தின் வாசலில் வலைக்கட்டங்கள் புல்லில் மறைந்திருந்தன. வழிகாட்டி வயரின் பக்கம் கண்ணுக்குக் கோடு தெரியவில்லை, மண்ணைக் குத்தினால் ஸ்குரூ டிரைவர் பிடி வரை போனது. ஒடுக்கத்தில் நடுப்பகுதி நன்றாக இருந்தது. ஆனால் ஆப்பிள் மரத்தின் வடக்குப் பக்கம், வெயிலே படாத ஒரு மூலை, மேசை அளவு இருக்கும், மறுபடி பாசியும் தேய்ப்புமாகத்தான் கிடந்தது. அந்த நிழலில் எந்தப் புல் விதைத்தாலும் சக்கரத்துக்கு ஈடுகொடுக்காது.

அந்த மூலையைப் புல்தரைக் கணக்கில் இருந்தே எடுத்துவிடுவதென்று தீர்மானம். வரும் மார்ச்சில், மெஷினை வெளியே விடுவதற்கு முன்னால், எல்லை வயரை மரத்துக்கு வெளிப்பக்கமாக வளைத்துப் பதிக்கவேண்டும். அதனால் ஒடுக்கம் மேலும் ஒடுங்காமல் இருக்க, எதிர்ப்பக்கத்தில் ரோஜாப் பாத்தியின் விளிம்புக் கல்லை ஒரு முழம் உள்ளே தள்ளலாம் என்று அக்கா இறங்கி வந்திருக்கிறார். ரோஜா ஒன்றையும் கிண்டாமல்.